மூடி திறந்த டின்

அவளே ஒத்துக்கொண்டாளே, அப்புறம் என்ன பேச்சு என்று குழாயடியில் நின்று வாயடிக்கிறவர்கள், குடம் நிரம்புவதற்குள் இதையும் கேட்டுவிட்டுப் போகட்டும். கரிக்காரி தன் புருஷனைக் கொல்லவில்லை. மகளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனிச் சொன்னால் யார் மனசும் வேகப்போவதில்லை.

தச்சுப்பட்டறையில் கழித்துப்போட்ட மரத்துண்டுகளைப் பொறுக்கி வந்து, பழைய பெயிண்ட் டின்களில் நெருக்கி அடைப்பாள் கரிக்காரி. மூடியில் ஆணியால் ஒரே ஓர் ஓட்டை. சுற்றி நெருப்பு மூட்டினால் ஓட்டை வழியே புகை வரும். புகை நின்று மரம் கரியானதும், ஓட்டையில் களிமண்ணை அப்பி அடைத்துவிட்டு, மறுநாள்தான் திறப்பாள். முன்னாடியே திறந்தால் காற்றுப் பட்டுக் கரி கனன்றுவிடும். இதெல்லாம் மகளுக்குத் தெரியாது. "கிட்ட வராதடி, நகமெல்லாம் கறுத்துடும்" என்று அவளை டின் பக்கமே அண்டவிட்டதில்லை.

புருஷன் மூட்டை தூக்கி இடுப்பு ஒடிந்து கட்டிலோடு கிடந்தார்.

"என்னையும் ஒரு டின்னுல போட்டு மூடிடுடி, கரியாவது மிஞ்சும்."

"உங்க தொப்பைக்கு ஏத்த டின்னு எங்கங்க கிடைக்குது?"

இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் பிற்பாடு தெரு கை கால் வைத்தது.

அன்று விடாத மழை. கரிக்காரி பட்டறைக்குப் போயிருந்தாள். அப்பா வெடவெடவென்று நடுங்குவதைப் பார்க்க மகளுக்குப் பொறுக்கவில்லை. தாழ்வாரத்தில் ஆறிக்கொண்டிருந்த டின்னைச் சாக்கு சுற்றி உள்ளே இழுத்து வந்து, மூடியை நெம்பினாள். கரி மெல்லச் சிவந்தது. துளிப் புகை இல்லை, பிறகென்ன பயம்? சாரல் அடிக்கிறதே என்று ஜன்னலைச் சாத்தினாள். "கதகதன்னு தூங்குங்கப்பா" என்று கதவையும் சாத்திக்கொண்டு மில் வேலைக்குப் போனாள்.

கரிக்காரி வந்து பார்த்தபோது அவர் முகம் சிவந்து, நல்ல தூக்கத்தில் இருப்பவர் போலத்தான் இருந்தார். தொட்டதும் தெரிந்துவிட்டது. கட்டிலருகே டின்னும் சாக்கும் கிடந்தன. யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஜன்னலைத் திறந்தாள். டின்னை மூடித் தாழ்வாரத்துக்குத் தள்ளினாள். அதன் பிறகுதான் அலறினாள்.

"அடைச்ச ரூம்ல கரி கனிஞ்சா காத்தே விஷமாயிடும்" என்றார், முகச் சிவப்பைப் பார்த்த டாக்டர். மில்லிலிருந்து ஓடிவந்த மகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா... டின்ன நான்தானே..."

"நீ வெச்சது அப்பவே அணைஞ்சு போச்சு. நடுவுல வந்து அதை மறுபடி மூட்டி வெச்சது நான்."

"அடைச்ச ரூம்ல வெக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா வெச்சே?"

மகள் சுவரை விட்டு நிமிர்வதையும், அவள் கண்ணில் வெறுப்பு ஏறுவதையும் கரிக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். அது ஏற ஏற, அவளுக்கு மூச்சு வந்தது.

"போயிடு. என் கண்ணு முன்னால நிக்காத."

அவரை எடுத்துப்போனதும், கரிக்காரி மாற்றுத்துணியைச் சுருட்டிக்கொண்டு வாசல் இறங்கினாள். தாழ்வாரத்து டின்னைத் தாண்டும்போது மட்டும் நின்றாள்.

"உள்ள இன்னும் சூடு இருக்கும். நாளைக்குத் திற. வெளியில வெச்சே திற."