சர்வரை நிறுத்துன மாசம்

நான் எட்டாவது பெயிலுங்க. ஆனா ப்ரோக்ராம் எழுதறவங்களுக்கே போன்ல யோசனை சொல்ற சீட்டுல பன்னெண்டு வருசம் ஒக்காந்திருந்தேன். எங்க ஊட்ல இன்னும் இதைச் சொல்லித்தான் சிரிக்கறாங்க.

கொண்டப்பநாயக்கன்பட்டியில கம்பெனி. ப்ரோக்ராம் எழுதற டூலு செஞ்சு வித்தோம். இங்கிலீசு அரைகொறையா இருந்தாலும் அதுல எழுதிரலாம். லாரி ஆபீசு, போர்வெல் வண்டி ஆபீசு, தறிப்பட்டறைன்னு எல்லாத்துக்கும் எழுதறவங்க எங்களுதைத்தான் வாங்குனாங்க. நான் சிடி பேக்கிங்குக்குப் போனவன். வாய் நீளம்னு சப்போர்ட்ல ஒக்கார வெச்சுட்டாங்க.

ஒரு வெவகாரம் மட்டும் இருந்துச்சு. எங்க டூல்ல எழுதுன ப்ரோக்ராமு மாசம் ஒருக்கா எங்க சர்வர்ல பர்மிசன் கேக்கும். கெடைக்கலைன்னா தெறக்காது. திருட்டு காப்பிக்குப் போட்ட பூட்டு அது.

அப்பறம் நெட்டுல அதே மாதிரி வேற டூலு சும்மாவே கெடைச்சுது. எங்காளுங்க ஒவ்வொருத்தரா பெங்களூரு போனாங்க. மாடியில நாப்பது சேரு, ஆளு மூணு. நான் தெனம் ஒரு சேர்ல ஒக்காந்து எம்.டி. மாதிரி சுத்திட்டிருந்தேன்.

அப்பத்தான் குமாரபாளையத்துல இருந்து ஸ்டெல்லா போன் பண்ணுச்சு. அம்பது பட்டறைக்கு எங்க டூல்ல ப்ரோக்ராம் எழுதிக் குடுத்து குடும்பத்த ஓட்டற புள்ள.

"ஏனுங்ண்ணா, கம்பெனிய மூடறாங்கன்னு பேசிக்கறாங்க, நெசமாங்க? வேற டூல்ல மாத்தி எழுதட்டுங்களா? ஆறு மாசமாவுமுங்க."

காலி சேரெல்லாம் பாத்துக்கிட்டே சொன்னேன்: "என்னையே இன்னும் வெரட்டலை சாமி, கம்பெனிக்கு என்ன கேடு?"

சிரிச்சுட்டு வெச்சுருச்சு.

அந்தப் போன் வந்த எட்டாம் மாசம் மொதலாளி கம்பெனிய வெளியூர்க்காரங்களுக்கு வித்துட்டாரு. அவங்க வந்து பழைய சர்வரை நிறுத்துனாங்க.

"கஸ்டமருக்கு ஒரு போன் போட்டுட்டு நிறுத்தலாமுங்க"ன்னேன்.

"மெயில் போட்டாச்சுப்பா, போய் வேலையப் பாரு."

அந்த மாசத்துப் பர்மிசன் கெடைக்காம அம்பது பட்டறையிலயும் ஸ்க்ரீனு தெறக்கலை. பஸ் ஏறி ஓடுனேன். ஸ்டெல்லா ஊட்டு வாசல் பூராம் செருப்பு. உள்ள ஒரு பட்டறைக்காரரு, "எங்க நூல் ஸ்டாக்கு, தறியில ஏத்துன பாவு வெவரம் எல்லாம் அதுக்குள்ளதான தாயி இருக்குது, தொறந்து குடு"ன்னு கெஞ்சறாரு. திட்டியிருந்தாக்கூடத் தேவல.

அவங்க போனப்பறம் எதாச்சும் வேடிக்கையாச் சொல்லலாம்னு வாயத் தெறந்தேன்.

"வேண்டாங்ண்ணா. அன்னைக்கு 'தெரியல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, இந்நேரம் மாத்தி எழுதி முடிச்சிருப்பேன்."

சப்போர்ட் சீட்டுல ஒக்காரற பசங்களுக்குச் சொல்றேன். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிருங்க. கஸ்டமரு ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்குவாரு, அவ்வளவுதான்.

அந்த அம்பது பேர்ல ஒருத்தருகூட ப்ரோக்ராம் எழுத ஸ்டெல்லாவத் திரும்பக் கூப்புடலை. அதுல ஒரு பட்டறையிலயே இப்ப அந்தப் புள்ள தறி ஓட்டுது.