மணையில் நீட்டிய கால்

மூன்று வயதில் வந்த போலியோ காய்ச்சலோடு பலவேசத்தின் இடது கால் வளர்வதை நிறுத்திக்கொண்டது. அவரைக் கூப்பிடும் பெயர்கள் மட்டும் வளர்ந்துகொண்டே போயின. இலத்தூர் பள்ளிக்கூடத்தில் நொண்டி. அரசாங்கம் கொடுத்த முதல் பஸ் பாஸில் ஊனமுற்றவர். பிறகு அட்டையை மாற்றிக் கொடுத்தார்கள், மாற்றுத்திறனாளி ஆனார். பெயருக்கு மரியாதை கூடியதே தவிர, பஸ் படிக்கட்டின் உயரம் ஒரு அங்குலம் குறையவில்லை. இன்றைக்கும் கம்பியைப் பிடித்து, கைபலத்தில் உடம்பைத் தூக்கித்தான் ஏறுகிறார்.

அந்தக் கைபலம் சாமானியப்பட்டதில்லை. தென்காசி யானைப்பாலத்துப் பக்கம், எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. கிணற்றுக்குள் மோட்டார் மக்கர் பண்ணினால், இரண்டு காலும் திடமாக உள்ளவர்கள் பாசி பிடித்த படியைப் பார்த்துத் தலையைச் சொறிவார்கள். பலவேசம் காலில் பூட்டியிருக்கும் இரும்புக் காலிபரைக் கழற்றி மேலே வைத்துவிட்டு, கயிற்றைப் பிடித்துச் சரசரவென்று இறங்கிவிடுவார். வாயும் கையைப் போலத்தான். நொண்டி என்று சொன்னவன் அவர் வாயிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டு போவான், மறுமுறை சொல்ல மாட்டான். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு அதில் கர்வமே உண்டு.

அந்தக் கர்வத்தை ஒரு போன் கவிழ்த்தது. மகள் யோகலட்சுமிக்கு வாசுதேவநல்லூரில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் அப்பா ஆவுடையப்பன் கூப்பிட்டார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். மண்டபம், சமையல், குற்றாலத்துச் சாரல் என்று ஒரு சுற்று பேசிவிட்டு, கடைசியில் மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"சம்பந்தி, நீங்க மாற்றுத்திறனாளி. மணையில காலை மடக்கி உக்கார முடியாதுல்லா. தாரை வாக்குறதுக்கு உங்க தம்பியும் அவர் சம்சாரமும் உக்காரட்டும். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

பலவேசம் சரி என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு மோட்டாரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பெற்றவர்கள் மணையில் உட்கார்ந்து, தண்ணீர் விட்டு, மகளின் கையை மாப்பிள்ளை கையில் ஒப்படைப்பதுதான் தாரை வார்ப்பது. அதைப் போய் வீண் சிரமம் என்கிறார் மனிதர். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். இவ்வளவு மரியாதையாக ஒருவர் தன்னை ஒதுக்கும்போது என்ன பேசுவது என்று இத்தனை வருடத்தில் அவர் பழகியிருக்கவில்லை.

உண்மைக் காரணத்தைத் தம்பி பேச்சிமுத்து மறுநாள் தயங்கித் தயங்கிச் சொன்னான். ஊனமுள்ளவர் கையால் தாரை வாங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஆவுடையப்பன் வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்களாம். ஆக, வீட்டுக்குள் பேசும்போது ஊனம். போனில் பேசும்போது மாற்றுத்திறன். பலவேசம் வீட்டுக்குப் போய் மனைவி உலகம்மையிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

அவளுக்கு வேறொரு கோபம். புருஷன் மணையில் உட்காராவிட்டால் பெண்டாட்டிக்கும் அங்கே இடமில்லை. அரைத்துக்கொண்டிருந்த மாவை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"உங்க கால் சரியில்லன்னு சொல்லுதாவ. நான் என்ன செஞ்சேன்? பத்து மாசம் சுமந்தவ எதுக்கு ஓரமா நிக்கணும்? என்னைக் கேக்காம நீங்க எப்படி சரின்னு சொன்னிய?"

அவர் செய்த தப்பு அதுதான். தன் இடத்தை மட்டும்தான் விட்டுக் கொடுத்ததாக நினைத்திருந்தார். அவள் இடமும் சேர்ந்து போயிருந்தது.

பக்கத்தில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஹபீபுல்லா முப்பது வருடச் சிநேகிதர். அவர் ஒரு வழி சொன்னார். சம்பந்தியை ஒரு நாள் வரச்சொல்லி, கிணற்றில் இறங்கிக் காட்டினால் போதும், அப்புறம் அந்த மனிதர் வாயைத் திறக்க மாட்டார் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பலவேசத்துக்கு அது இன்னும் சுட்டது.

"கெணத்துல எறங்கத் தெரியலைன்னா நான் அவளுக்கு அப்பன் இல்லையா? வித்தை காட்டித்தான் எம் பிள்ள பக்கத்துல உக்காரணுமா? எந்தத் திறமையும் இல்லைன்னாலும் அது என் எடந்தான்."

அன்றைக்கே ஆவுடையப்பனுக்குப் போன் போட்டு, முன்பு சரி என்று சொன்னது தப்பு, தானும் உலகம்மையும்தான் உட்காருவோம் என்றார். கல்யாணத்தன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

ஆவணி முதல் முகூர்த்தம். குற்றாலம் ரோட்டில் மண்டபம். காலையிலிருந்தே சாரல் விட்டு விட்டுத் தூறியது. பந்தியிலிருந்து வந்தவர்களின் ஈரக்கால் பட்டு, கைப்பிடியில்லாத மேடைப்படி வழுக்கியது. பெண்ணைப் பெற்றவர்கள் வரலாம் என்று ஐயர் மைக்கில் கூப்பிட்டார். மாப்பிள்ளை வீட்டார் முந்திக்கொண்டு பேச்சிமுத்துவைக் கைபிடித்து மேடைக்கு அழைத்தார்கள். அவன் அண்ணனைப் பார்த்தபடி நகராமல் நின்றான்.

பலவேசம் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து காலிபரின் வாரை அவிழ்த்தார். இரும்பு தரையில் விழுந்த சத்தம் மேளத்தைத் தாண்டிக் கேட்டது. படிப் பக்கமே போகாமல், மேடை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி ஒரு எம்பு எம்பி ஏறினார். தவழ்ந்துபோய் மணையில் உட்கார்ந்தார். வலது கால் மடங்கியது. இடது கால், மெலிந்த கால், முன்னால் நீண்டு கிடந்தது. உலகம்மை பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஆவுடையப்பன் குனிந்து, அவர் காதருகே மெதுவாகச் சொன்னார், மாற்றுத்திறனாளிகள்மேல் தனக்கு எவ்வளவோ மரியாதை உண்டு, ஆனாலும், என்று. பலவேசம் அவரை முடிக்க விடவில்லை. குரலையும் தாழ்த்தவில்லை.

"நல்ல வார்த்தைதான் சம்பந்தி. அதச் சொல்லித்தான் பஸ்ஸுல சீட் கேக்கேன். அந்த வார்த்தை எனக்கு எடம் கொடுக்க வந்தது. அதையே சொல்லி என் எடத்தைப் புடுங்காதிய."

மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணம் நின்றுவிடுமோ என்று உலகம்மைக்குப் பயம், ஆனாலும் தாரைச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். யோகலட்சுமி யார் முகத்தையும் பார்க்கவில்லை. தன் வலது கையை அப்பாவின் கைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளையும் தன் கையை நீட்டினான். தன் அப்பாவிடம் அவன் கேட்கவில்லை. ஐயர் மந்திரத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். உலகம்மை செம்பைச் சாய்த்தாள்.

ஆவுடையப்பன் போட்டோகிராபரிடம் ஏதோ சைகை காட்டினார். அந்தப் பையன் வந்து, ஒரு சரிகைத் துண்டை விரித்து, பலவேசத்தின் காலை நாசூக்காக மூடினான்.

பலவேசம் ஈரக்கையாலேயே துண்டை எடுத்து மடித்து அவனிடம் கொடுத்தார்.

"கொஞ்சம் பின்னால தள்ளி நின்னு எடு தம்பி. காலும் படத்துல விழணும்."