சைக்கிளுக்கு எஞ்சின் மாட்டிய பத்தொன்பது நாள்

சைக்கிளுக்கு எஞ்சின் மாட்டித் தரச் சொல்லி யாராவது உங்கள் பட்டறைக்கு வந்தால், முதலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். பிறகு பழைய மொபெட் எங்கே கிடைக்கும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை, அதனால்தான் சொல்கிறேன். பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவன் நான். இப்போது சித்தூரில் வீட்டுப் பக்கத்திலேயே தகரக் கொட்டகை போட்டுச் சில்லறை வேலைகள் பார்க்கிறேன். டிப்போவில் என்னைக் கடுப்பேற்றிய எஞ்சின்கள் எத்தனையோ உண்டு. ஆனால் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாமா என்று நினைக்கவைத்தது இந்த ஒரு சைக்கிள்தான்.

1. பெட்டி வந்த நாள்

தேவநேசன் கங்காதர நெல்லூரில் கடலை எண்ணெய் மில் வைத்திருப்பவர். எங்கள் சபைக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எனக்கு முன் பெஞ்சு. ஒரு திங்கட்கிழமை காலை மினி வேனில் வந்து ஒரு க்ரூசர் சைக்கிளை இறக்கினார். மாட்டுக் கொம்பு மாதிரி ஹேண்டில், தடி டயர், அகலமான சீட்டு. கூடவே பிரிக்காத ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் எண்பது சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், பெட்ரோல் டேங்க், கார்ப்பரேட்டர், செயின், அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் என்று ஒரு கிட் முழுசாக இருந்தது.

"மேஸ்திரி, இத்த இதுல மாட்டிக் குடு."

"எதுக்கு அண்ணா இந்த அவஸ்தை? ஒரு பழைய மொபெட் வாங்கிக்கலாமே."

"மொபெட் எனக்கு இன்னாத்துக்கு? இது ஜெபராஜோடது."

ஜெபராஜ் அவருடைய ஒரே மகன். திருப்பதியில் வேலை. நாலு வருஷத்துக்கு முன் முதல் சம்பளத்தில் இந்த சைக்கிளையும் கிட்டையும் வாங்கிக்கொண்டு ஆசையாக ஊருக்கு வந்தான். அன்றைக்குச் சர்ச் வாசலில், இத்தனை பேர் நடுவில், தேவநேசன் ஒரு கேள்வி கேட்டார்: "சைக்கிளுக்கு இஞ்சின் வெக்கிறவன், மூளைக்கு இன்னா வெப்பான்?" எல்லோரும் சிரித்தோம். நானும்தான். பையன் சைக்கிளையும் பெட்டியையும் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டான். அதிலிருந்து கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவான். கடைசி பெஞ்சில் உட்காருவான், அம்மாவிடம் பேசுவான், போவான். அப்பாவிடம் ஒரு வார்த்தை கிடையாது. திருப்பதி என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? இரண்டு மணி நேரம்.

"நாலு வருஷமா பொட்டிய பரண்ல வெச்சிக்கினு பாத்துக்கினே கீறேன் மேஸ்திரி. இத்த ஓடவெச்சி அவன் வாசல்ல கொண்டுபோயி நிறுத்தணும். அப்பவாச்சும் பேசுவான். பேசலன்னா..." பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

அதற்கு மேல் மொபெட்டைப் பற்றி நான் என்ன பேசுவது? சிரித்தவர்களில் நானும் ஒருவன். சரி என்று தலையாட்டினேன். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்: "இது ரோட்டுக்கு ஆகாது அண்ணா. ஆர்டிஓ ஆபீசுல நம்பர் குடுக்க மாட்டாங்க. மில்லு காம்பவுண்டுக்குள்ள மட்டும் ஓட்டு."

2. வீடியோவில் வரும் பையன்

அந்தக் கிட்டைச் செய்தவன் தன் ஆயுசில் க்ரூசர் சைக்கிளைப் பார்த்திருக்கமாட்டான். எஞ்சினைப் பிடிக்கும் கிளாம்ப் சாதா சைக்கிள் பைப்புக்கு அளவெடுத்தது. க்ரூசர் பைப்போ தொடை தடிமன். லேத்துக்குப் போய்ப் பிளேட் வெட்டி, வளைத்து, துளை போட்டு மாட்டினேன். மாட்டிய பிறகு பெடல் சுற்றவில்லை, எஞ்சின் இடித்தது. கழற்றினேன். பின் ஸ்ப்ராக்கெட்டை இரண்டு ரப்பர் வட்டங்களுக்கு நடுவே வைத்து ஒன்பது போல்ட்டால் ஸ்போக்ஸ் கம்பிகளோடு இறுக்க வேண்டும். ஒரு நூல் கோணலானாலும் செயின் கழன்றுவிடும். நாலு முறை இறுக்கி நாலு முறை அவிழ்த்தேன். செயினைத் தொய்யாமல் பிடிக்கும் டென்ஷனர் லூசானால் நேராகப் போய் ஸ்போக்ஸில் சிக்கும், ஓட்டுகிறவர் ஹேண்டிலுக்கு முன்னால் போய் விழுவார். தேவநேசனுக்கு வயது அறுபத்தாறு. அதனால் அதைத் தனியாகப் பிராக்கெட் வைத்து வெல்ட் அடித்தேன்.

இத்தனையும் நடக்கும்போது அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார். தினமும் வருவார்.

"இந்த வீடியோல ஒரு பையன் ரெண்டு மணி நேரத்துல மாட்டிட்றான் மேஸ்திரி. நீ இன்னா வாரக்கணக்கா தட்டிக்கினே கீற?"

"அப்போ அந்தப் பையனையே கூட்டிக்கினு வா."

"கோச்சிக்காத. இந்தா, கடலை உருண்ட துன்னு."

கோபத்தில் இருப்பவனுக்குக் கடலை உருண்டை கொடுத்தால் பல்லுக்கு வேலை வருமே தவிரக் கோபம் போகாது. டேங்குக்குச் சிவப்பு பெயின்ட் கேட்டார். அடித்தேன். ஜெபராஜுக்கு நீலம்தான் பிடிக்கும் என்று வீட்டுக்காரம்மா சொன்னதாக மறுநாள் வந்து சொன்னார். சுரண்டிவிட்டு நீலம் அடித்தேன்.

பதினாலாம் நாள் எஞ்சின் பிடித்தது. கிளட்சைப் பிடித்துக்கொண்டு பெடல் மிதித்து, வேகம் வந்ததும் கிளட்சை விட்டால் ஸ்டார்ட் ஆகும். அவருக்கு நாலு தடவை செய்து காட்டினேன். எனக்கும் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? அனுப்பும்போது சொன்னேன்: "பெட்ரோல வெறுமனே ஊத்தாத அண்ணா. லிட்டருக்கு நாப்பது எம்எல் ஆயில் கலந்து ஊத்து. மறந்தா பிஸ்டன் புடிச்சிக்கும்."

"ஆயிலுக்கா நம்மகிட்ட பஞ்சம்!" என்று சிரித்துக்கொண்டே போனார்.

3. திருப்பதியில் வந்த வாசனை

ஐந்து நாள் மில் காம்பவுண்டில் ஓட்டிப் பழகினார். மறுநாள் சனிக்கிழமை, வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு திருப்பதி போனோம். ஏதாவது மக்கர் பண்ணினால் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஜெபராஜ் வாடகைக்கு இருந்தது ஊர்க்கோடியில் ஒரு புது லேஅவுட்டில். பாதி மனை காலி, வாசலில் மண் பாதை.

பையன் வெளியே வந்தான். அப்பாவைப் பார்த்தான், சைக்கிளைப் பார்த்தான். என்னைப் பார்த்து, "வாங்க அங்கிள்" என்றான். அவ்வளவுதான்.

தேவநேசனுக்கும் மகனோடு பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. நேராக சைக்கிளில் ஏறி மிதித்தார், கிளட்சை விட்டார். எஞ்சின் பிடித்தது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் வெள்ளையாகப் புகை வந்தது. கூடவே ஒரு வாசனை. கருகிய கிளட்ச், சூடேறிய பிரேக், டீசல் எல்லாம் மூக்கை வைத்தே சொல்லிவிடுவேன். இது அதில் எதுவும் இல்லை. எதிர் வீட்டு மாடியிலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்து, "எவரண்டி பஜ்ஜீலு வேஸ்துன்னாரு?" என்று கேட்டார். பஜ்ஜி யார் போடுகிறார்கள் என்று!

தெருக்கோடியில் எஞ்சின் இருமியது, நின்றது. வேர்க்க வேர்க்கத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். வடைச்சட்டியின் அடி மாதிரி கருப்பாகப் பிசுபிசுவென்று இருந்தது.

"அண்ணா, இன்னா ஆயில் ஊத்தின?"

"நம்ம மில்லு ஆயில்தான். நீ நாப்பது சொன்ன, நான் நூறு ஊத்தினேன். சொந்த மில்ல வெச்சிக்கினு அளந்தா ஊத்துவாங்க?"

எண்ணெய் மில்லுக்குள் ஐந்து நாள் ஓட்டியதில் இந்த வாசனை யாருக்கும் தனியாகத் தெரியவில்லை. லேத்து, வெல்டிங், இரண்டு கலர் பெயின்ட், எல்லாம் கடலை எண்ணெயில் பொரிந்துபோயின. "அது துன்ற எண்ண அண்ணா! இஞ்சினுக்கு ஊத்தறதா அது?" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

"நீ ஆயில்னுதானே சொன்ன?"

அவர்மேல் தப்பில்லை. எங்கள் பக்கம் தெலுங்குக்காரர்களுக்கு நூனெ, தமிழ்க்காரர்களுக்கு எண்ண. இரண்டு பேரும் வந்துபோகும் கடையில் பொதுவாக ஆயில். வாணலிக்கும் ஆயில், மோட்டாருக்கும் ஆயில். எண்ணெய் மில்காரரிடம் போய் வெறும் ஆயில் என்று சொன்ன ஃபிட்டர் நான். புது ஆட்களுக்கு இதை எழுதிவைக்கிறேன்: வாயால் சொல்லாதீர்கள். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கென்றே விற்கும் டூ-டி ஆயில் டப்பாவையே வாங்கிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

தேவநேசன் என்னை விட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

"ஓடினா நீ பேசுவேன்னு நெனச்சேன்டா. அதையும் கெடுத்துக்கினேன். அன்னிக்கி சர்ச்சு வாசல்ல நான் அப்டி பேசியிருக்கக் கூடாது."

ஜெபராஜ் நீல டேங்கை விரலால் ஒருமுறை தடவினான். பிறகு என் கையிலிருந்த பிளக்கை வாங்கி முகர்ந்தான். குனிந்து எஞ்சினைத் தொட்டுப் பார்த்தான்.

"பிஸ்டன் ரிங்கும் ஒட்டிக்கினு இருக்கும். ஹெட்டக் கழட்டணும். நைனா, ஹேண்டிலப் புடி."

தேவநேசன் பிடித்தார். நான் உதவிக்குக் குனிந்தேன். "நீங்க உக்காருங்க அங்கிள்" என்று சொல்லி என் டூல் பாக்ஸை அவன் பக்கம் இழுத்துக்கொண்டான். வாசற்படியில் உட்கார்ந்தேன். நாலு நட்டைக் கழற்ற ஒரு மணி நேரம் ஆக்கினான். கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். நடுநடுவே, "ஆட்டாத நைனா, நேரா புடி" என்று அதட்டல் வேறு. இவரும், "சரிடா, சரிடா" என்றார். பத்தொன்பது நாள் என் உயிரை எடுத்த மனுஷன்!

வேன் டிரைவர் ஹார்ன் அடித்தான். நான் எழுந்தேன். ஜெபராஜ் தலை நிமிராமலே சொன்னான்:

"இது இன்னிக்கி முடியாது அங்கிள். நைனா ராத்திரி இங்கியே இருக்கட்டும்."

தேவநேசனின் சட்டைப்பையில் அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வீட்டுக்காரம்மாவாகத்தான் இருக்கும். எடுங்கள் என்று ஜாடை காட்டினேன். அவர் இரண்டு கையாலும் ஹேண்டிலை இன்னும் இறுக்கிக்கொண்டு, மெதுவாக என்னிடம் சொன்னார்:

"நீயே எடுத்துச் சொல்லிடு மேஸ்திரி. கைய உட்டா இவன் திட்டுவான்."