நாற்பத்தாறு வயதில் பைக் லைசென்ஸ்

இந்த நாட்டில் மோட்டார் சைக்கிளில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து இடது கையைக் கீழே நீட்டுகிறார்கள். இடுப்புக்குக் கீழே, ரோட்டைக் காட்டுவதுபோல. நம் பக்கம் இரண்டு நாள் வண்டி ஓட்டியவருக்குக்கூட இது என்னவென்று தெரியும். சைடு ஸ்டாண்டை எடுக்காமல் போகிறாய் என்று அர்த்தம். திருவரங்குளத்தில் கிளம்பிப் புதுக்கோட்டை போய்ச் சேர்வதற்குள், ஸ்டாண்டை மறந்தவருக்கு நாலு பேராவது சொல்லிவிடுவார்கள். பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணே, ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்று கத்துவார்கள். ஆடு ஓட்டிப் போகிறவர் கம்பை நீட்டிக் காட்டுவார். யாரோ ஒருவன் விழுந்துவிடக் கூடாதே என்று ரோடே பதறும். அப்படி வளர்ந்தவள், ஜெர்மனியில் ஒருவர் கையை நீட்டினால் என்ன செய்வேன்? குனிந்து ஸ்டாண்டைப் பார்த்தேன். மடங்கித்தான் இருந்தது. அடுத்தவரும் நீட்டினார். மறுபடி குனிந்தேன்.

கொடுமை என்னவென்றால், அன்றைக்கு எனக்கு லைசென்ஸ் பரீட்சை. இங்கே பரீட்சைக்கு வந்தவர் பைக்கில் முன்னால் போக வேண்டும். பின்னால் ஒரு காரில் வாத்தியாரும் பரீட்சை அதிகாரியும் வருவார்கள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று வாத்தியார் நம் காதுக்குள் ரேடியோவில் சொல்லிக்கொண்டே வருவார். என் வாத்தியார் பெர்ன்ட், தங்கமான மனிதர். பயிற்சி முழுக்க மார்ச் மாதத்து மழையில் நடந்ததால் எதிரே ஒரு பைக்கையும் நான் பார்த்ததில்லை. பரீட்சையன்று பார்த்து வெயில் அடித்தது. ஊரில் உள்ள அத்தனை பைக்கும் ரோட்டுக்கு வந்துவிட்டது. முடிந்ததும் அதிகாரி கவலையாகக் கேட்டார்.

"உங்கள் காலில் ஏதாவது வலியா? கீழேயே பார்த்துக்கொண்டு வந்தீர்களே."

"எல்லோரும் ஸ்டாண்டைக் காட்டினார்களே, ஐயா!"

"ஸ்டாண்டு கீழே இருந்தால் இந்த வண்டி நகரவே நகராதே," என்றார், ஒன்றும் புரியாமல்.

பெர்ன்டுக்கு மெல்லப் புரிந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வணக்கமாம் அது. நானும் சிரித்தேன். ஆனால் ரோட்டைப் பார்க்காமல் ஓட்டியதற்கு ஃபெயில் ஃபெயில்தான்.

முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை, காலேஜ் போகிற மகன், காரிலேயே பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிற பயந்த கணவர். இப்படிப்பட்டவளுக்கு நாற்பத்தாறு வயதில் இது எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. எனக்கு இது எட்டு வயது ஆசை. அப்பா கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மாடுகளுக்கு ஊசி போட ஊர் ஊராகப் போவதற்கு ஒரு ராஜ்தூத் பைக் வைத்திருந்தார். பின்சீட்டில் ஐஸ் பெட்டி, முன்னால் பெட்ரோல் டேங்கின்மேல் நான். டேங்க் சுடும் என்று துண்டை மடித்துப் போடுவார். அந்த எஞ்சின் சத்தம் வயிற்றுக்குள் ஏறும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு ஈடாக இன்றுவரை எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. சத்தத்தை வைத்தே எந்த கியர் என்று சொல்வேன். பன்னிரண்டு வயதில், அப்பா சாப்பிட்டுத் தூங்குகிற நேரமாகப் பார்த்து, வண்டியை வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் தள்ளிக்கொண்டு போய் நானே ஓட்டப் பழகினேன். ஒருநாள் எழுந்து வந்து பார்த்துவிட்டார். அடி நிச்சயம் என்று நின்றேன். "கிளட்ச மெதுவா விடு," என்றார், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் நான் வயதுக்கு வந்தேன். "இனிமே வண்டியில கைய வச்சே, தெரியும் சேதி. ஊரு என்ன பேசும்?" என்றாள் அம்மா. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று நம்பினேன். அவர் துணியை எடுத்து வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா மேல்கூட எனக்குக் கோபம் இல்லை. அப்பா மேல்தான். முப்பது வருஷத்துக்கு மேலாக, ஜெர்மனிவரை சுமந்து வந்த கோபம் அது. லைசென்ஸ் வாங்கி அவர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் என்பதுதான் உள்ளுக்குள் இருந்த வைராக்கியம். ஃபெயிலானதைப் போனில் சொன்னபோதும், "ஏந்தாயி, இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?" என்றுதான் கேட்டார். பட்டென்று போனை வைத்துவிட்டேன்.

இரண்டாவது முறை, யார் என்ன கையை நீட்டினாலும் தலையைக் குனிவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். வணக்கம் சொன்ன அத்தனை பேருக்கும் நான் திமிர் பிடித்தவளாகத் தெரிந்திருப்பேன், போகட்டும். பாஸ். கார்டைக் கையில் வாங்கியபோது பெர்ன்டின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த மனிதர் பதறிப்போய் எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

லீவில் ஊருக்குப் போனதும் கார்டை அப்பாவிடம் நீட்டினேன். பழைய கண்ணாடியோடு அதை மூக்குவரை கொண்டுபோய், எழுத்துக் கூட்டி வாசித்தார். "பிறந்த எடம்னு நம்ம புதுக்கோட்டையப் போட்டுருக்கான் பாரு," என்றார். கார்டைத் திருப்பி என்னிடமே கொடுத்துவிட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மறுநாள் அவருக்குக் கண்ணாடி மாற்றப் புதுக்கோட்டை போக வேண்டியிருந்தது. தம்பி கார் சொல்கிறேன் என்றான்.

"காரெல்லாம் வேணாம். தாயி கூட்டிட்டுப் போகட்டும், பைக்குல."

"இந்தாங்க, அந்த முட்டிய வச்சுக்கிட்டா?" என்று அம்மா பதறினாள்.

"நீ சும்மா இரு. அன்னைக்கு ஒம் பேச்சக் கேட்டு வாய மூடிக்கிட்டு இருந்தேன்ல, அது போதும்."

அம்மா பழைய கண்ணாடிக் கூட்டை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். தம்பியின் பைக்கை எடுத்தேன். அப்பாவால் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, தெருவே பார்க்க, ஒருபக்கமாக உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "லைசென்ச எங்கிட்டக் குடு. போலீஸ் மறிச்சா நாந்தான் பேசுவேன்," என்று கார்டையும், கூடவே வாங்கி வைத்திருந்த இன்டர்நேஷனல் பெர்மிட்டையும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். மெயின் ரோட்டில் ஏறியதும் பழக்கதோஷத்தில் நான் வலது பக்கம் ஒதுங்கினேன். தோளில் ஒரு தட்டு. "இங்கிட்டுத் தாயி, இங்கிட்டு! இது ஒங்க ஜெர்மனி இல்ல." வழியில் இரண்டு இடத்தில் போலீஸ் நின்றது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒருவரும் மறிக்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். டீக்கடையில், கேட்காமலே கார்டை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். "எம் மக. ஜெர்மனிக்காரன் பரீட்ச வச்சுக் குடுத்தது."

திரும்பி வந்து முதல் நாள் டியூட்டி. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பர்ஸைத் திறந்தால் அப்பா திருப்பித் தந்த பெர்மிட் இருக்கிறது, கார்டைக் காணோம். ஊருக்குப் போன் போட்டேன்.

"அப்பா, என் லைசென்ஸ்?"

"இந்தா, எஞ் சட்டைப் பையிலதான் பத்திரமா இருக்கு."

"அனுப்புங்கப்பா. அது இல்லாம இங்க வண்டி எடுக்கக் கூடாது."

"அனுப்புறேன், அனுப்புறேன். பொன்னமராவதியில ஒரு கல்யாணம். நம்ம சனம் பூராம் வரும். காட்டிட்டு அனுப்புறேன்."

மூன்று வாரமாக பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். பாஸானதும் வாங்கிய வண்டி இங்கே வீட்டு வாசலில், உறையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. லைசென்ஸ் அங்கே கல்யாண வீடுகளுக்குப் போய் வருகிறது. நானும் அதற்கப்புறம் கேட்கவில்லை.