ட்ரெபிள் பத்தாத கிட்டார்

உங்கள் வீட்டு இன்வர்ட்டர், பேட்டரி தீரப்போகும்போது கீச் கீச்சென்று கத்துமே, அது வீட்டில் எல்லாருக்கும் கேட்கிறதா? நிச்சயமாகத் தெரியுமா? போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். எங்கள் வீட்டில் ஒருவனுக்குக் கேட்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க நான் ஒரு கிட்டாரையே பிரித்துப்போட வேண்டியிருந்தது.

அந்த ஒருவன் என் அண்ணன். கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எதற்கு மேடை போட்டாலும் வாசிக்கிற மெல்லிசைக் குழுவில் கிட்டார்காரன். மேடையில் அவன் இடது காதிலிருந்து ஒரு கை தூரத்தில் டிரம்ஸ்காரரின் சிம்பல். காலடியில் ஸ்பீக்கர் பெட்டி. பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து அந்த இடம்தான். அவனுக்கு வேறு வேலையும் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது.

ஒருநாள் கச்சேரி முடிந்து வந்தவன் கிட்டாரை என் கட்டிலில் போட்டான்.

"மந்தமா இருக்குடி. ட்ரெபிளே வரல, கூர் சத்தமே இல்ல. கம்பளி போத்துன மாதிரி இருக்கு. இஞ்சினியருக்குப் படிச்சேல்ல, என்னான்னு பாரு."

காரைக்காலில் எது கெட்டாலும் முதல் குற்றவாளி உப்புக்காற்று. ஃபேன் நின்றாலும் உப்புக்காற்று, பைக் செயின் அறுந்தாலும் உப்புக்காற்று. வேறெதையும் நாங்கள் சந்தேகப்படுவதே கிடையாது. நானும் அப்படித்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

வால்யூம் குமிழுக்கு அடியில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். பாட் என்போம். குமிழை முழுசாகத் திறந்து வைத்தாலும் அது சத்தத்தில் கொஞ்சத்தைக் கசியவிட்டுக்கொண்டேதான் இருக்கும். நெடுங்காட்டில் எங்கள் வயலுக்கு வந்தால் காட்டுகிறேன்: மடையை அடைத்தாலும் வரப்பில் நண்டு வளை இருந்தால் தண்ணீர் நிற்காது. அதே கதைதான். ஒரே வித்தியாசம், இங்கே முதலில் போவது கூர்மையான சத்தம். தடை குறைந்தால் வளை பெரிசு: 250 கே, அதாவது இரண்டரை லட்சம் ஓம், பெரிய வளை. 500 கே சின்ன வளை. 1 மெக், அதாவது பத்து லட்சம் ஓம், கிட்டத்தட்ட அடைத்த மாதிரி.

சித்தப்பா பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த அந்தக் கிட்டாரில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்க இருந்தது இரட்டைச் சுருள் பிக்கப். அதற்கு 500தான் போடுவார்கள். மீட்டரை வைத்தேன். உள்ளே 250. கை தட்டிச் சிரித்தேன். அரை மணி நேர சால்டரிங், முடிந்தது விஷயம். கம்பியைத் தட்டிப் பார்த்தால் கண்ணாடி துடைத்த மாதிரி சத்தம்.

அண்ணன் வாசித்தான். தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"அப்படியேதான்டி இருக்கு."

"காதுல என்ன புண்ணாக்கா வச்சிருக்க?"

"நீ பாஸ் பண்ணுனதே சந்தேகம். சும்மா பழசையே தொடச்சு வச்சிருக்க."

எனக்கு வெறி ஏறியது. மறுநாள் மத்தியானம் 250, 500, 1 மெக் மூன்றையும் மேசைமேல் வைத்து, கிளிப் போட்ட ஒயரால் வெளியிலிருந்தே மாற்றி மாற்றி இணைத்தேன். அவனைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன். எது எது என்று சொல்ல வேண்டும். தோற்றால் எனக்குப் பரோட்டா.

முதலில் 250. பிறகு 1 மெக். எனக்குப் பல் கூசியது. மறுபடி 250.

"மூணும் ஒண்ணுதானடி. மாத்தாமலே ஏமாத்துறியா?"

பரோட்டா எனக்குத்தான் என்று சிரிக்க வாயைத் திறந்தேன். அப்போது கரண்ட் போனது. ஃபேன் நின்றது. கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்பின் சிவப்பு விளக்கு அணைந்தது. எங்கள் இன்வர்ட்டர் கிழடு. ஒரு லைட்டைத் தாங்குவதற்குள் கத்த ஆரம்பித்துவிடும். ஆரம்பித்தது.

அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போட்டாள். "அந்தச் சனியன யாராச்சும் நிறுத்துங்களேன், காதுல ஊசி ஏத்துற மாதிரி இருக்கு!"

இன்வர்ட்டருக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவன் திரும்பி அடுப்படிப் பக்கம் பார்த்தான். "எதம்மா?" என்றான். பிறகு என்னிடம் எரிச்சலாக, "நீ மொதல்ல ஆம்ப ஆஃப் பண்ணு. ஞொய்யுன்னு ஒரே எரைச்சல்."

"எது ஞொய்யுங்குது?"

"அதான்டி, எப்பவும் வர்றது. உனக்குக் கேக்கல?"

"எப்பவும்னா?"

"படுத்தா இன்னும் ஜாஸ்தியா வரும். பக்கத்து வீட்டு மோட்டார்னு நெனச்சேன்."

செத்துக் கிடந்த ஆம்ப்பை நான் பார்த்தேன். நான் எதைப் பார்க்கிறேன் என்று அவனும் பார்த்தான். இன்வர்ட்டர் கத்திக்கொண்டே இருந்தது. அம்மா ஈரக் கையோடு வந்து அதை நிறுத்தினாள். அவன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவனுக்கு அது கத்தியதும் தெரியாது, நின்றதும் தெரியாது.

டாக்டரிடம் வருவதற்கு அவன் பேரம் பேசினான். முதலில் 1 மெக்கை நிரந்தரமாகப் போட வேண்டும். போட்டேன். ஒத்திகையில் கீபோர்டு வாசிக்கிறவர் காதைப் பொத்திக்கொண்டார். "ஏம் பாப்பா, உள்ளார என்னத்த வச்ச? ஆணியால தகரத்தக் கீறுற மாதிரி இருக்கு."

"இப்பதான் லேசா வருது," என்றான் அண்ணன். "இதுக்கு மேல கெடையாதா?"

"வால்யூம் பாட் இல்லாமலே ஒயர நேரா குடுக்கலாம்."

"அதுக்கு மேல?"



காது டாக்டரிடம் கண்ணாடி அறை ஒன்று இருந்தது. ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். முதலில் டக் டக்கென்று அமுக்கினான். எனக்குக் கட்டைவிரலைக் காட்டிக் கண்ணடித்தான். பிறகு அந்த விரல் நின்றது. இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த பெண் ஏதோ ஒன்றைத் திருகிக்கொண்டே போனாள். மறுபடி திருகினாள். விரல் அசையவே இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"போனது வராதுங்க தம்பி," என்றார் டாக்டர். "இருக்கறதக் காப்பாத்திக்கலாம். ஸ்பீக்கர் பக்கமே போகாதீங்க. போய்த்தான் ஆகணும்னா இதக் காதுல வச்சுக்குங்க." பஞ்சுபோல அமுங்குகிற ஆரஞ்சு அடைப்பான்கள் இரண்டைத் தந்தார்.

ஒரே ஒரு ஒத்திகையில் வைத்துப் பார்த்தான். பாதிப் பாட்டில் பிடுங்கினான். "இத வச்சா என் கிட்டார் எனக்கே கேக்கல."

"வைக்காட்டி கொஞ்ச நாள்ல எதுவுமே கேக்காதுடா."

"திருவிழா சீசன் முடியட்டும்டி."

சீசன் முடியவில்லை. இன்று கருக்களாச்சேரியில் மேடை. மத்தியானம் நான் குளித்துவிட்டு வந்தபோது அறையில் ஈயம் உருகிய வாசனை. அண்ணனும் இல்லை, கிட்டாரும் இல்லை. என் மேசைமேல் 1 மெக் பாட், வெட்டிய ஒயர் நுனிகளோடு கிடந்தது. அவனே பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறான். பிக்கப்பிலிருந்து, ஆம்ப் ஒயரைச் செருகுகிற ஜாக்குக்கு நேர் ஒயர்.

இனி சத்தத்தைக் குறைக்க அவன் கிட்டாரில் குமிழே கிடையாது.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஆரஞ்சு அடைப்பான்கள் இரண்டும் என் லேப்டாப் பக்கத்தில் கிடக்கின்றன.