காதுக்குப் பின்னால் ஒரு சுறுமாப் பொட்டு

சாய்ந்தமருதில் மணப்பெண் அலங்காரம் என்றால் றாஹிலாதான். எல்லா வேலையும் முடிந்த பிறகு கண்ணுக்குத் தீட்டுகிற சுறுமாக் குச்சியை எடுத்து, மணப்பெண்ணின் இடது காதுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு பொட்டு வைப்பாள். கண்ணூறு படாமலிருக்க. கண்ணூறு எவ்வளவு பொல்லாதது என்று அவளுக்குத் தெரியும். தெரியாமல் என்ன, அவளுடைய கண்ணே அந்தச் சாதிதான். அது ஏழு வருடமாக ஒருத்தியின் மேலேயே கிடந்தது.

அந்த ஒருத்தி காரைதீவுச் சுஜித்தா. கல்முனையில் ஒரு மாதர் சங்கம் நடத்திய அலங்கார வகுப்பில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. ஒரே கண்ணாடியில் இரண்டு முகமும் தெரியும். எது வடிவு என்று யாரைக் கேட்டாலும் றாஹிலாவைத்தான் காட்டுவார்கள். சுஜித்தாவே காட்டுவாள்.

சமாதான காலம் அது. 2003 சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் அழகுராணிப் போட்டி வைத்தார்கள். சுஜித்தா பெயர் கொடுத்தாள். றாஹிலாவின் வாப்பாவோ, பெண்பிள்ளை மேடையேறுவது என்ற பேச்சு வந்தாலே சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புகிற மனிதர். அதனால் றாஹிலா ராணியாகவில்லை, ராணியைச் செய்து கொடுத்தாள். சுஜித்தாவின் அகன்ற நெற்றியை முடியை இறக்கிவிட்டு மறைத்தாள். சின்னக் கண்ணை மையால் பெரிதாக்கினாள். கடைசியில் வழக்கப்படி காதுக்குப் பின்னால் சுறுமாப் பொட்டு. சுஜித்தாவின் அம்மா தங்கேஸ்வரி சீலைக்கு ஊசி குத்தினார். அவர் செய்தது அவ்வளவுதான். மற்றவர்கள் மறந்தாலும் றாஹிலா அதை மறக்கவில்லை.

கிரீடம் சுஜித்தாவின் தலைக்குப் போனது. கூட்டத்துக்குப் பின்னால் நின்று றாஹிலாவும் கைதட்டினாள். வயிறு பற்றி எரிந்தது. அந்த முகம் தன்னுடையது, அதை இன்னொருத்தி போட்டுக்கொண்டு நிற்கிறாள் என்றுதான் பட்டது.

பிறகு சுஜித்தாவைப் பிடிக்க முடியவில்லை. கொழும்பில் ஒரு போட்டி, சவர்க்கார விளம்பரம், டெலிநாடகம். றாஹிலா கல்யாணம் கட்டினாள், பிள்ளை பெற்றாள், ஊர்ப் பெண்களுக்குப் பவுடர் போட்டாள்.

2004 மார்கழியில் கடல் ஊருக்குள் வந்த அன்று றாஹிலாவின் கரையோர வீடு போனது. அலங்காரப் பெட்டியும் போனது. பிள்ளையைத் தூக்கி, உம்மாவை இழுத்துக்கொண்டு ஓடி உயிர் தப்பியவள், பள்ளிக்கூட முகாமில் ஈரச் சீலையோடு இருந்துகொண்டு, "சுஜித்தா படப்பிடிப்பில நிண்டிரிப்பா. கடலுக்கும் ஆள் பாக்கத் தெரியிது" என்றாள். அடுத்த நாள் தங்கேஸ்வரியைக் கடல் கொண்டுபோன செய்தி வந்தது. றாஹிலா வாய்விட்டு அழுதாள். அது பொய் அழுகை இல்லை. பொறாமை கொஞ்ச நாள் ஓய்ந்திருந்தது. பிறகு பத்திரிகையில் சுஜித்தா அழுகிற படம் வந்தது. அழும்போதும் வடிவாக இருந்தாள். அவ்வளவுதான், பழையபடி எரியத் தொடங்கிவிட்டது.

வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்த புது வீட்டின் முன்னறையில் றாஹிலா கடை போட்டு, 'நடிகை சுஜித்தாவை முதன்முதல் அலங்கரித்தவர்' என்று பலகை மாட்டினாள். அந்தப் பலகை ஆட்களைக் கொண்டுவந்தது. அதற்கும் ஒரு நாள் ஆபத்து வந்தது. டீவீப் பேட்டியில், அழகுராணியான அன்று அலங்கரித்தது யார் என்று கேட்டார்கள். "என்னுடைய அம்மா தங்கேஸ்வரி" என்றாள் சுஜித்தா. சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பியபோது இடது காதுக்குப் பின்னால் கறுப்பாய் ஒரு பொட்டு தெரிந்தது.

பக்கத்து வீட்டுச் சுபைறா ராத்தா கூட இருந்து பார்த்தாள். "அவட உம்மா எண்டுதானே செல்லுறா. அப்ப ஒன்ட பலக?"

றாஹிலா டீவீயை நிறுத்தினாள். பொட்டைக் கொண்டுபோனவள் பெயரை விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று பொருமினாள். ஊரில் கதை பரவியது. பெண்ணைப் பெற்றவர்கள் பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள்.

யுத்தம் முடிந்தது. வீதிச் சோதனைச் சாவடிகள் குறைந்தன. 2010 சித்திரையில் காரைதீவு விழாவுக்குச் சுஜித்தா பிரதம விருந்தினர். வான் நேரே றாஹிலாவின் கடை வாசலில் வந்து நின்றது. சுஜித்தா இறங்கி வந்து கண்ணாடிக்கு முன்னால் இருந்தாள்.

"மேடைக்கு நேரமாகுது. செய்து விடுகா."

கிட்டத்தில் பார்த்தால் கண்ணுக்கடியில் கருவளையம். றாஹிலாவுக்குச் சந்தோசமாக இருந்தது. இருந்தாலும் மறைத்துவிட்டாள், தொழில் தொழில்தானே. பிறகு அடக்கி வைத்ததைக் கேட்டாள்.

"ஒங்கட உம்மா ஊசிதானே குத்தின. மத்ததெல்லாம் ஆரு செஞ்ச?"

"நீதான்."

"அப்ப டீவீயில ஏன் அப்பிடிச் சென்ன?"

"அம்மாட பேரச் சொல்ல எனக்கு வேற இடமில்ல, றாஹிலா. வீடும் இல்ல, அடக்கம் செய்த இடமும் தெரியா. அவங்க கேக்கக்குள்ள அந்தப் பேருதான் வாயில வந்திச்சு. நீ உசிரோட இருக்காய். உன்ட பேர இண்டைக்கு மேடையில சொல்லுவன், உன்ட ஊரும் கேக்கட்டும்."

இத்தனை வருடமாகக் காத்திருந்தது கிடைத்துவிட்டது. கோபம் போனது. பொறாமை மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. றாஹிலா சுறுமாக் குச்சியை எடுத்தாள்.

"இந்தப் பொட்ட நீ விடல்லியே. கொழும்புல ஆருட கண்ணுக்குப் பயம் ஒனக்கு?"

சுஜித்தா கண்ணாடியில் தெரிந்த இரண்டு முகத்தையும் பார்த்தாள்.

"கொழும்பில ஒருத்தருக்கும் பயமில்ல. உன்ட கண்ணுக்குத்தான். அண்டைக்கு நீ பின்னால நிண்டு கைதட்டினத்த நான் மேடையில இருந்து பாத்துக்கொண்டுதான் நிண்டன்."

சிரிக்காமல்தான் சொன்னாள். அப்படி இல்லை என்று றாஹிலா சத்தியம் பண்ணியிருக்கலாம். ஆனால் கண்ணாடியில் இருந்த முகம், அவள் கையாலேயே செய்த முகம், அவ்வளவு வடிவாக இருந்தது.

இடது காதுக்குப் பின்னால் பொட்டு வைத்தாள். குச்சியை மறுபடியும் சுறுமாவில் தோய்த்தாள்.

"இஞ்சால திரும்பு" என்று சொல்லி, வலது காதுக்குப் பின்னாலும் ஒன்று வைத்தாள்.