பொழுதோட சாப்டியா?

விமானம் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. என் பக்கத்து இருக்கையில் சாந்தா, ஜன்னல் வழியாகச் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார். வேடிக்கைக்காக அல்ல. அது மறைந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு கிடையாது.

சாந்தாவுக்கு மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். அப்புறம் மறுநாள் சூரியன் வந்த பிறகுதான். இடையில் தண்ணீர் மட்டும். எங்கள் செஞ்சிப் பக்கம் அந்த வீடுகளுக்குச் சாயங்காலத்தில் போன் செய்தால், நலம் விசாரிப்பதற்கும் முன்னால் வருகிற கேள்வி ஒன்று உண்டு – ‘பொழுதோட சாப்டாச்சா?’

அவருடைய மகள் பத்மா மெல்பர்னில் இருக்கிறாள். முதல் பிரசவம். ரத்த அழுத்தம் ஏறியதால் டாக்டர்கள் தேதி குறித்து ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குக் காலையிலேயே அம்மா அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதே ஊரில் இருக்கும் மகனைப் பார்க்க நானும் என் மனைவியும் கிளம்பிக்கொண்டிருந்தோம். “நீங்க கூடப் போறீங்கன்னுதான் சார் தைரியமா அனுப்புறேன்” என்றார் சாந்தாவின் கணவர் ஜினதாஸ். செஞ்சியில் மல்லாட்டை வியாபாரம் செய்பவர் – மற்ற ஊர்க்காரர்களுக்கு, வேர்க்கடலை.

விமானத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். ஒரு நாட்டின் தேசிய விமான நிறுவனம். பெயர் வேண்டாம், அந்த நாட்டு மக்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. சென்னையில் காலையில் ஏறி, அவர்களுடைய தலைநகரில் இறங்கி, வெயில் இருக்கும்போதே சாப்பிட்டுவிட்டு, இரவில் அடுத்த விமானம். சாந்தாவுக்காகவே போட்ட மாதிரி ஒரு நேரப் பட்டியல்.

“நஷ்டத்துல ஓடுதாம். பேப்பர்ல அடிக்கடி வருது” என்றேன்.

“நஷ்டம் அவங்களுக்குத்தான சார்? நமக்கு இன்னா? இது கவர்மென்ட் வண்டி. பிரைவேட்காரன் கலெக்‌ஷன் சேர்ற வரைக்கும் ஸ்டாண்டுலயே உறுமிக்கினு இருப்பான். கவர்மென்ட் பஸ்ஸு காலியா இருந்தாலும் டைமுக்கு எடுத்துடுவான்.”

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்று பழகிய யாரும் இந்த வாதத்தை மறுக்க மாட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

காலை விமானம், மதியம் என்றானது. மதியம், பிற்பகல் என்றானது. காரணம் கேட்டால் ‘ஆபரேஷனல் ரீசன்’. இந்த இரண்டு சொற்களுக்கு இதுவரை யாராவது அர்த்தம் சொல்லியிருக்கிறார்களா?

கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாந்தா நடுப்பகலிலேயே சாப்பிட்டு முடித்திருந்தார். பிற்பகலில் பழம் வாங்கலாம் என்று எழுந்தோம். நிறுவனத்தின் சீருடையில் இருந்த பெண் ஓடி வந்தாள். “போர்டிங் ஆரம்பிச்சாச்சு சார், உள்ள மீல் ரெடியா இருக்கு, சீக்கிரம் வாங்க.” போய் உட்கார்ந்தோம். பெல்ட்டும் போட்டுக்கொண்டோம்.

அப்புறம்தான் நான் முதலில் சொன்ன காட்சி. கதவு மூடியாகிவிட்டது. வண்டி நகரவில்லை. வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

பின் இருக்கையில், செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்திலிருந்து எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போகிற ஒருவர். எங்கள் பேச்சைக் கேட்டு, ஊர்க்காரர்கள் என்று கண்டுபிடித்துவிட்டார். “இன்னா சார், டயருக்குக் காத்து அடிக்கிறாங்களா?” என்றார்.

நான் பணியாளரைக் கூப்பிட்டேன். இந்த அம்மாவுக்குச் சமண உணவு முன்கூட்டியே பதிவு செய்திருக்கிறது, இருட்டிய பிறகு சாப்பிட மாட்டார், இப்போதே கொடுத்துவிடுங்கள் என்றேன். விமானம் மேலே ஏறிய பிறகுதான் உணவு, அதுதான் விதிமுறை என்றார் அவர். எப்போது ஏறும்? தெரியாது. அப்படியானால் எங்களை இறக்கிவிடுவீர்களா? முடியாது.

“நின்ன வண்டியில சோறு போடுறதுதான சார் ஈசி? ஓடுற வண்டியிலதான் கொட்டும்?” என்றார் வல்லத்துக்காரர்.

பணியாளரின் முகமும் வாடித்தான் இருந்தது. குனிந்து, என் காதருகே உண்மையைச் சொன்னார்: இன்னொரு விமானம் உதிரிபாகம் கிடைக்காமல் படுத்துவிட்டது, அதன் பயணிகளையும் இதில்தான் ஏற்றியிருக்கிறார்கள், அவர்களுடைய பெட்டிகள் இன்னும் வந்து சேரவில்லை.

“விடுங்கண்ணா, அவர இன்னா கேக்குறது? அவரும் சம்பளக்காரர்” என்றார் சாந்தா.

சூரியன் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் விமானம் கிளம்பியது. சாப்பாடு வந்தது – பெயர் எழுதி ஒட்டிய, சூடான, சரியான சமண உணவு. சாந்தா கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். பணியாளர் தன் கையிலிருந்த டேப்லெட்டில் எதையோ தட்டிக்கொண்டு நகர்ந்தார்.

தலைநகரில் இறங்கியபோது மெல்பர்ன் விமானம் போய்விட்டிருந்தது. அடுத்தது மறுநாள் இரவுதான். ஓட்டல் அறை இல்லை. ஆளுக்கொரு உணவுக் கூப்பன் கிடைத்தது. எதிலும் முதலில் தேதியைப் பார்ப்பது என் பழக்கம். அன்றைய தேதி மட்டும் அச்சிட்டிருந்தது. நாளைக் காலைக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். “பசியில்லை என்றால் அது உங்கள் விருப்பம் சார்” என்று பதில் வந்தது.

அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பத்மாவிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. விடிந்தால் ஆஸ்பத்திரி. முகம் வீங்கியிருந்தது. அம்மா நேரத்துக்கு வர முடியாது என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அதைப் பற்றி அவள் பேசவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்.

“பொழுதோட சாப்டியாம்மா?”

“சாப்டேன்மா. பிளேன்லயே குடுத்துட்டாங்க. நல்ல வெயில் இருக்க சொல்லவே சாப்டுட்டேன். நீ தைரியமா போ.”

சாந்தா போனை வைத்தார். என் மனைவி தோளைத் தொட்டாள். “பொய் சொல்றதில்லன்னு இருக்கறவ அண்ணி நானு” என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது அந்த இடத்தில்தான்.

தாமதம் எல்லா விமானத்துக்கும் வரும். இயந்திரம் என்றால் பழுதாகும். திண்டிவனம் போகிற பஸ் நடுவழியில் நின்றால் எங்கள் ஊர் கண்டக்டர் என்ன செய்வார்? இறங்கி ரோட்டில் நிற்பார். பின்னால் வருகிற வண்டியைக் கை காட்டி நிறுத்துவார். பிள்ளைக்காரியை முதலில் ஏற்று என்று சத்தம் போடுவார். இதற்கெல்லாம் விமான நிலையமும் கொடியும் தேவையா?

தேசிய விமானம் தள்ளாடுகிறது என்றால் எல்லோரும் அரசாங்கத்தின் நஷ்டத்தைப் பற்றியே பேசுகிறார்கள். விற்கலாமா, காப்பாற்றலாமா, நாட்டின் கௌரவம் என்ன ஆகும்... டெலிவிஷனில் விவாதம் ஓயாது. மீசை நரைத்த நாளாய் எத்தனையோ நாட்டு நிறுவனங்களைப் பற்றி இதே விவாதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இருக்கையில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி ஒரு வரி வராது. கையில் இல்லாத விமானத்துக்கு டிக்கெட் விற்பது எந்த நாட்டின் கௌரவம்? சரி செய்ய வக்கில்லாதபோது வாலில் நாட்டின் சின்னம் எதற்கு? வழியில் யாரும் நிறுத்திக் கேட்கக் கூடாது என்பதற்கா?

காலையில் கூப்பனோடு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். நேற்றைய தேதி, செல்லாது என்றார்கள். எதிர்பார்த்ததுதான். ரொட்டியும் பழமும் நான் வாங்கிக் கொடுத்தேன். சாந்தா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மருமகனிடமிருந்து போன். பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். சாந்தா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார். சந்தோஷத்தில் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

மெல்பர்னில் இறங்கியதும் மகன் வீட்டுக்குப் போகாமல் சாந்தாவோடு நாங்களும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். பத்மா குழந்தையை நீட்டினாள். சாந்தா வாங்கவில்லை. கட்டில் பக்கத்தில் நின்று முதலில் ஒன்றைச் சொன்னார்.

“அன்னிக்கு நான் சாப்பிடல பத்மா. பொய் சொல்லிட்டேன்.”

“தெரியும்மா.”

“எப்பிடி?”

“நெஜமா சாப்ட்டிருந்தா இன்னின்ன சாப்டேன்னு, உப்பு கொறச்சல்னு, ஒண்ணொண்ணா சொல்லியிருப்ப. வெயில் இருந்துச்சுன்னு மட்டும் சொன்ன.”

அதற்குப் பிறகுதான் பேத்தியைக் கையில் வாங்கினார்.

நடந்ததை எல்லாம் விவரமாக எழுதி அந்த நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினேன். சென்ற வாரம் பதில் வந்தது. தாமதத்துக்கு வருந்துகிறார்களாம். சாப்பாட்டைப் பற்றி ஒரே வரி: ‘பயணிக்குச் சமண உணவு வழங்கப்பட்டது, அவர் ஏற்க மறுத்தார்.’

சாந்தா தான் சொன்ன பொய்யைப் பேத்தியைத் தொடுவதற்கு முன்பே திருத்திக்கொண்டார். அவர்கள் சொன்னது அவர்களுடைய கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது.